மெஷின் படிச்ச பிள்ளையார் சுழி

உ

டொரன்டோ,
1987 நவம்பர்

அன்புள்ள பரமேஸ்வரிக்கு,

நான் சொகமா இருக்கேன். நீயும் பாப்பாவும் சொகமா? அம்மாவுக்கு இருமல் கொறஞ்சிச்சா? கொட்டகலையில மழை விட்டிச்சா, இல்ல நனைஞ்சுக்கிட்டுத்தான் தேயிலைக் கொழுந்தெடுக்கிறியா?

இங்க எனக்கு, கம்பெனிங்க அனுப்புற பெரிய தட்டைக் கவர்ல அட்ரஸ் ஒட்டுற வேலை. தபால் கந்தோர்ல மெஷின்தான் அதைப் படிச்சுப் பிரிக்குது. அதனால அட்ரஸைச் சுத்தி வேற எழுத்தே இருக்கக்கூடாது. போன வாரம் பழக்கத்துல மொதல் கவர்ல பிள்ளையார் சுழி போட்டுட்டேன். மெஷின் அதை ரெண்டுன்னு படிச்சு வெளிய தள்ளிருச்சு. தபால் கந்தோர்க்காரங்க அந்தக் கவரைக் காட்ட, "யாரு போட்ட ரெண்டு இது?"ன்னு எங்க சூப்பர்வைசர் கேட்டாரு. சாமின்னு சொன்னேன். அவரு சிரிக்கல. "சாமிய மனசுல வச்சுக்கப்பா"ன்னாரு. இப்பெல்லாம் மை இல்லாம வெரலால போட்டுக்கிறேன்.

மெஷின் தள்ளுறதை ஒரு ஆளு கையில எடுத்துப் படிச்சு அனுப்பணும். அதுக்கு நாளாகும். ஒன் கடிதாசியும் அப்படித்தான் பிந்தியிருக்கும். கவர் பூராவும் பாப்பா பென்சில்ல கிறுக்கியிருந்தா. நான் கெளம்புறப்ப தொட்டில்ல கெடந்தவ.

இனிமே அட்ரஸ் மட்டும் எழுது, சுத்தி வெள்ளையா விடு. கோயில் திருநூறு கொஞ்சம் மடிச்சு உள்ள வையி. பஸ்சுக்கு நேரமாச்சு.

இப்படிக்கு,
முத்துவேல்

பி.கு: வேணாம், பாப்பா கிறுக்கட்டும். பிந்தி வந்தாலும் பரவாயில்ல. இந்த ஊர்ல ஒரு ஆளாவது அதைக் கையில எடுத்து, யாரு பிள்ளையோன்னு பாக்கட்டும்.