குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஐந்து மோட்டார்

மதினி,

இன்று காலை எதிர்வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்டுத் தளம் நனைந்து, மழை வந்தது போல ஒரு வாசனை தெரு முழுக்க எழுந்தது. மழையும் இல்லை, மண்ணும் இல்லை. கீழே நின்று கத்தினேன். அந்த வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்து, டிவி சத்தத்தில் கேட்கவில்லை என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சை அணைக்கப் போனாள். எனக்கு அவள் மேல் வந்த எரிச்சல் அப்படியே உங்கள் மேல் திரும்பிவிட்டது. இந்தச் சண்டையெல்லாம் உங்கள் பங்கு. என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இத்தனைக்கும் தண்ணீரின் அருமை தெரியாமல் வந்தவர் நீங்கள். ஜெயமங்கலத்தில் வாசலை ஒட்டி வாய்க்கால் ஓடுகிற வீட்டில் பிறந்து, ஆண்டிபட்டிக்குக் கிழக்கே எங்கள் கரட்டுக்காட்டுக்கு என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள். வந்த மறுநாளே ஒரு குடம் தண்ணீரை அப்படியே கால் கழுவ ஊற்றினீர்கள். அந்தக் குடத்தைச் சுமந்து வந்தவள் நான். ஆற்றில் நிற்பதாக நினைப்போ என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகை அணையின் கரை நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும். அதில் தேங்கும் தண்ணீர் மதுரைப் பக்கம் போகும். "கண்ணு முன்னால கடலாக் கெடக்கு, ஒங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லையா?" என்று வந்த புதிதில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இங்கேயே பிறந்த நாங்கள் அதைக் கேட்பதை எப்போதோ விட்டிருந்தோம்.

தொண்ணூற்றாறில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அண்ணன் உங்களை நிறுத்தினான். நோட்டீசில் உங்கள் பெயரைவிட அவன் பெயர் பெரிதாக இருந்தது. கையெழுத்து மட்டும் நீங்கள் போடுவீர்கள், மற்றதெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஜெயித்தீர்கள். மூன்றாம் கூட்டத்திலேயே அவன் வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் இரண்டு மழையும் பொய்த்தது. கண்மாய்க்கரை ஓரத்தில் இருந்த குடிநீர்க் கிணறுதான் ஊருக்கே ஆதாரம். பங்குனியிலேயே அதில் வாளி பாறையில் இடித்தது. பெண்கள் குடத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றார்கள். லாரித் தண்ணீருக்கு எழுதிப் போட்டால் முடிந்தது என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். நீங்கள் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தீர்கள். கூப்பிடு தூரத்தில் ஐந்து போர்வெல். ஐந்திலும் மோட்டார். அதில் முதலாவது நம் வாழைத் தோட்டத்தில் இருந்தது.

ஐந்து பேரையும் கூப்பிட்டு, மழை விழும்வரை மோட்டாரை நிறுத்தக் கேட்டீர்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நம் ஊரில் யாரும் எதையும் மறுக்கமாட்டார்கள், அதுதான் சங்கடமே. மேலத்தெரு மாமா மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தலைவரம்மா வீட்டு மோட்டாரு மொதல்ல நிக்கட்டும். பின்னாலயே நாங்க நிப்பாட்டிருவோம்" என்றார்.

அன்று சாயங்காலமே நம் மோட்டார் ரூமுக்குப் போய் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். அடுத்த தெருவில்தானே நான் வாக்கப்பட்டிருந்தேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்த என் மடியில் அவற்றைப் போட்டு, "ஒங்க அண்ணன் வந்து கேப்பாக. குடுத்துறாத ஆத்தா" என்றீர்கள். நான் சம்மதித்தேனா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை.

அண்ணன் வந்தான். வாழை தார் தள்ளுகிற நேரம் அது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் பாய்ச்சினால் தேறிவிடும் என்று முதலில் கெஞ்சினான். பிறகு, கூடப்பிறந்தவள் யார் பக்கம் என்று கேட்டான். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த கட்டைகளை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுக்காததற்கு ஊர் நன்மை காரணமில்லை, மதினி. கொடுத்துவிட்டால் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்கிற பயம்தான். அடுத்த பொங்கல் வரை அவன் என் வாசல் மிதிக்கவில்லை. நீங்களும் அவனும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட்டீர்கள். வாழை இலை ஓரம் கருகி, மட்டை தொங்கி, பாதித் தாரோடு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. நீங்கள் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அதிலும் உங்கள் மேல் கோபம்.

சரி, மற்ற நால்வர்? இரண்டு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் உங்கள் தலையைக் கண்டால் நிறுத்துவார். மேலத்தெரு மாமா அதுவும் செய்யவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நீங்கள் அவர் தோட்டத்துக்குப் போனபோது, குழாயிலிருந்து தொடை மொத்தத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, மோட்டார் ஓடுதே" என்றீர்கள்.

"ஓடலத்தா. சும்மா ஓட்டிப் பாக்குறேன். கெடந்தா துருப் பிடிச்சுருமுல்ல."

அந்தத் தண்ணீர் உங்கள் பாதத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. நான் கத்த வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்துகொண்டீர்கள். அவர் எழுந்து போய் சுவிட்சை அணைக்கும்வரை ஊர்க்கதை பேசினீர்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தீர்கள். சித்திரை முழுக்க அதுதான் உங்கள் உத்தியோகம். உங்கள் வீட்டில் பாதி நாள் சோறு பொங்கியது நான்.

கிணற்றில் ஊறியது. நிறைய இல்லை. வீட்டுக்கு வீடு காலையில் குடிக்கவும் பொங்கவும் கிடைத்தது, லாரி வராமலே கோடை கழிந்தது. யாராவது உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? மேகமலையில் மழையாம், அதன் ஊற்று இங்கே வந்துவிட்டதாம், ஊரார் சொன்னது அதுதான். ஐப்பசியில் மழை விழுந்த மறுநாள் ஐந்து மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடின. அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றீர்கள். யாரிடம்? மேலத்தெரு மாமாவின் மருமகளிடம். உங்கள் வாசலில் குடத்தோடு நின்ற பெண்களே அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஏன் என்று ஒருத்தியைக் கேட்டேன். "ஒங்க மதினி நல்லவுகதான். ஆனா ரொம்பத் தொந்தரவு குடுக்காக" என்றாள்.

அடுத்தடுத்து வறட்சி வந்த வருடங்களில் லாரி வந்தது. லாரிக்குப் பின்னால் ஊரே ஓடியது. கிணறு அடியோடு வற்றியது. பதவி இல்லாமலே நீங்கள் மறுபடி அந்த நாலு தோட்டத்துக்கும் நடந்தீர்கள். வெட்கமே இல்லையா என்று நான் கேட்டேன். தோற்றது தேர்தலில்தானே என்றீர்கள். நம் தோட்டத்தைப் பற்றி மட்டும் அந்தமுறை அண்ணனிடம் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை ஃபியூஸைப் பிடுங்கியது போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

ஒரு நாள் நான் உங்கள் வீட்டில் இருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சு. இப்பத்திக்கு ஓட்ட முடியாது." நீங்கள் ரசம் ஊற்றினீர்கள். அவன் கை கழுவப் போனதும் என் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நேத்துத்தான் போயிப் பாத்தேன். காயில் நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். உங்கள் கண் நிறைந்திருந்தது. அந்த வருடம் வாழைக்குப் பதில் சோளம் விதைத்தான். இன்றுவரை சோளமும் எள்ளும்தான். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களிலும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்படி என்ன வீம்போ இரண்டு பேருக்கும்.

போன வாரம் கண்மாய்க்கரைக்கு ரிக் வண்டி வந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார், கிணற்றை ஒட்டியே ஆறாவது போர் போடப் போகிறாராம். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். முழங்கால் வலியோடு எவ்வளவு நேரம் நிற்பது? கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க யாரும்மா? என்ன பதவியில இருக்கீங்க?"

"பதவி ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கிற வாயி இருக்கு" என்றேன்.

வண்டி அன்று திரும்பிப் போய்விட்டது. நாளை மறுபடி வருமாம். ஊரார் ஒருவரும் என்னை எதிர்க்கவில்லை, வழக்கம் போல யாரும் என்னோடு வரப்போவதுமில்லை. உங்கள் பொறுமை எனக்குக் கிடையாது, மதினி. ஊர்க்கதை பேசிச் சமாளிக்கவும் வராது. ஒருத்தர் கண்ணெதிரே பொய் சொன்னாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு பிடிவாதம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதையும் சலித்துக்கொண்டுதான் செய்கிறேன். விடிந்ததும் சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.