கைவலைக்கு ஓர் இடம்

ஐப்பசி 11, செவ்வாய்.

மீனைக் கோரித் தூக்கும் கைவலை என் வீட்டுக்காரருடைய சின்னப் படகில் எப்போதும் காலடியில்தான் கிடக்கும். போன வாரம் அதில் கால் சிக்கிக் கண்மாய்க்குள் விழுந்தார். பெயின்ட் அடிக்கப் படகு எங்கள் வாசலுக்கு வந்தபோது நான்தான் அளந்து பார்த்தேன். வலையைத் தொங்கவிட உள்விளிம்பில் இரண்டு கொக்கி மாட்டி, என் பழைய சேலையைக் கிழித்து நாடாவும் கட்டினேன். இழுத்தால் வலை ஒரே கையில் வந்துவிடும்.

இன்று என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அம்புட்டு வசதியா இருக்கே மச்சான், யாரு யோசனை?" என்றான்.

"எல்லாம் நம்ம மூளதான் மாப்ள" என்றார் இவர். நான் டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன்.

தம்பி போனதும், "தண்ணியில ஒரு தடவ ஏறி உக்காந்து, வலை கைக்கு எட்டுதான்னு பாக்கவா?" என்று கேட்டேன்.

"பொம்பள ஏறுன படகுல மீனு படாதுடி."

என் சேலை மட்டும் இனி தினமும் ஏறிப் போகும். முன்பக்கம் மாரியம்மன் படம் வேறு ஒட்டியிருக்கிறார். பூ வைக்காமல் துடுப்பைத் தொடமாட்டார்.

நாடாவை அவிழ்த்து எறியத் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு நீச்சல் சரியாக வராது.

ஆத்தா, நீயும் பொம்பளைதான். உன்னை ஏற்றிக்கொள்கிறார். அவரை நீயே பார்த்துக்கொள்.