உக்காந்துட்டேன், உடு

அக்கா, இன்று விடியற்காலையில் ஹெல்மெட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். குப்பென்று முட்டித் தைலம். உன் வாசனை. சைக்கிளில் ஏறும் முன் இரண்டு முட்டியிலும் பூசிக்கொண்டு, அதே கையால் என் ஹெல்மெட் வாரையும் மாட்டிவிடுவாயே, அந்த வார் இன்னும் மணக்கிறது. கொஞ்ச நேரம் அழுதேன். நீ போன பிறகு நம் ரெட்டை சீட்டு சைக்கிளை நான் தொடவே இல்லை. இன்னொருத்திக்குச் சுமையாகிவிடுவேனோ என்ற பயம்தான்.

கண் தெரியாதவளுக்கு எதற்கு சைக்கிள் என்று உழவர்கரையில் நம் தெருவே கேட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்த நீயோ, சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரிடம் "நடந்தா போரடிக்குது சார்" என்று சொல்லிவிட்டு இந்த சைக்கிளோடு என் வாசலில் வந்து நின்றாய். "முன்னாடி நான் பாக்கறேன், பின்னாடி நீ மிதி. சரியாப்போச்சு!"

சைக்கிள் சங்கம் நடத்திய அந்த முதல் நெடும்பயணம் நினைவிருக்கிறதா? கடற்கரையில் புறப்பட்டு, மரக்காணம் வரை போய்த் திரும்ப வேண்டும். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகளின் குரல்கள், செயற்கைக் கால் பூட்டிய ஒரு மெக்கானிக், தன் தொப்பையைத் தானே கிண்டல் செய்துகொண்ட ரிட்டையர்டு வாத்தியார். "இவங்களோட எப்டிக்கா போட்டி போடறது?" என்றேன்.

"போட்டியா? இன்னாடி பேசற? சாயங்காலத்துக்குள்ள வந்துட்டா முடிஞ்சுது. கடைசியா வர்றவளுக்கும் அதே மெடல்தான். டீ மட்டும் ஆறிப்போயிருக்கும்."

அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. எதிர்க்காற்று அடித்தால் எல்லாருக்கும்தான் அடிக்கிறது. ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட யாருக்கும் மூச்சு மிச்சமில்லை. காலாப்பட்டில் அந்த மெக்கானிக் நம்மை முந்தினார். அப்புறம் அவர் காலைக் கழற்றி வைத்து இளைப்பாறுகிறார் என்று நீ சொன்னதும், "சீக்கிரம் வாங்கண்ணா!" என்று கத்தினேன். அப்படி அதிகாரமாக நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை.

ஆனாலும் உள்ளே ஒரு முள் உறுத்தியது. நீ இழுக்கிறாய், நான் சொகுசாக உட்கார்ந்து வருகிறேன் என்று. அதைப் பிடுங்கிப் போட்டது மரக்காணத்து டீக்கடை.

டீ குடித்துவிட்டு ஏறினோம். அதாவது, நீ ஏறினாய். நான் காலைத் தூக்குவதற்குள் சைக்கிள் போய்விட்டது. உன் பேச்சு மட்டும் காற்றில் வந்தது, மருமகள் வைக்கும் மீன்குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்று. தெரியாத ஊரில், பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் நின்றேன். டீக்கடைக்காரர், "யம்மா, உன் ஆளு போய்க்கினே இருக்குது!" என்று சிரித்தார். நீ திரும்பி வந்தபோது உனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு. திட்ட வாயெடுத்தேன், நீ முந்திக்கொண்டாய்.

"அடிப்பாவி! இன்னாடா சைக்கிளு கல்லு மாதிரி ஆயிடுச்சேன்னு திரும்பிப் பாத்தா, உன்னைக் காணோம். அப்ப இத்தினி நாளா நீயா என்னை இழுத்துக்கினு வந்த?"

என்னை யாரும் அவ்வளவு பெருமைப்படுத்தியதில்லை அக்கா. அன்றைக்குப் பிறகு, நான் உன் முதுகில் தட்டி "உக்காந்துட்டேன், உடு" என்றால்தான் நீ பெடலையே மிதிப்பாய்.

இன்றைக்கு முன்சீட்டில் யார் தெரியுமா? உன் மீன்குழம்பு மருமகள்தான். அவளாகத்தான் வந்து கேட்டாள். ஆனால் கடற்கரையில் சைக்கிளைப் பிடித்ததும் ஏறாமல் நின்றுவிட்டாள். "சின்னத்தை, அவ்ளோ தூரம் என்னால இழுக்க முடியுமா?"

"நீ ரோட்டைப் பாரு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." வீறாப்பாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான். அவள் முதுகைத் தடவிப் பார்த்துத் தட்டினேன். உன் முதுகில் பாதிகூட இல்லை. "உக்காந்துட்டேன், உடு."

குழி, வேகத்தடை, மாடு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தாள். காலாப்பட்டு தாண்டியதும் வாய் திறந்துகொண்டது. உன் சாம்பாரைப் பற்றி என்னென்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

கடைசியாகத்தான் வந்து சேர்ந்தோம். டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னத்தை, எதிர்க்காத்துல எல்லாம் நீங்கதானே இழுத்தீங்க?"

"பின்ன?" என்றேன்.