மறைத்து வைத்த கேள்வி

அக்கா,

இன்று காலை ஸ்கேனரைத் துடைக்க மூடியைத் திறந்தேன். உங்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போடியில் உள்ள எங்கள் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு உறுப்பினராகப் பதிய வந்த அன்று விட்டுப்போனது. படத்தில் நீங்கள் சிரிக்கவில்லை. எடுத்தவர் சிரிக்க விடவில்லை என்று குறைபட்டுக்கொண்டீர்கள்.

சங்கத்தின் இணையப் படிவத்தில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது என் பொறுப்பு. விவரங்களின் பட்டியலில் ஒரு டிக்கை எடுத்தால் போதும், அந்தக் கேள்வி படிவத்திலிருந்து மறைந்துவிடும். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கேள்விக்கு, போடிமெட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள். தங்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்காரருடையது. மேலே மலையில் எது நடந்தாலும் சேதியோடு இறங்கி வருபவர் அவர்தானே. அதையே திரும்பத் திரும்ப அடித்துச் சலித்து, ஒரு நாள் டிக்கை எடுத்துவிட்டேன்.

மறுவாரம் நீங்கள் வந்தீர்கள். எல்லாம் முடிந்ததும் சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினீர்கள்.

"இது எம் மக நம்பரு ஆத்தா. திருப்பூர்ல இருக்கா. பேச்சுவார்த்த இல்ல. ஆனாலும் எழுதி வையி."

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம், எல்லோரும் ஜீப்புக்காரர் எண்ணையே தருகிறார்கள் என்றேன்.

"அதுஞ் சரிதான். எங்களுக்கு அவந்தான ஒறவு" என்று சீட்டை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டீர்கள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. டிக்கைத் திரும்ப வைக்க ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.

ஆடி மழையில் சரிவில் வழுக்கி விழுந்தீர்கள். பையிலிருந்த சீட்டு ஊறி மை கரைந்துபோனது. ஜீப்புக்காரர் யார் யாரையோ விசாரித்து மகளைக் கண்டுபிடித்தபோது உங்களை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவள் அலுவலகத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"எங்கம்மா எங்கயுமே என் நம்பரத் தரலையா?"

"தந்தாங்க."

"காட்டுங்க."

அதற்குள் டிக்கைத் திருப்பி வைத்திருந்தேன். உங்கள் பக்கத்தைத் திறந்தேன். கேள்வி இருந்தது, எதிரே ஒன்றும் இல்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். தலையை மட்டும் ஆட்டினாள். நான் கேட்டதால் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.

இப்போது வருகிற எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஜீப்புக்காரர் எண்ணையே சொல்கிறார்கள். எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகளின் எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்றும் உங்கள் பக்கத்தில் அதை அடித்துப் பார்த்தேன். சேமிக்கவில்லை, அக்கா. அது அவள் தந்த எண். நீங்கள் தந்ததை நான் வாங்கவில்லையே.