உனக்காகப் பேசுகிற அந்தம்மா

சோரியாங்குப்பம்,
தை மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகன் கலைவேந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், வில்லியனூரில் உன் அக்கா வெண்ணிலாவும் அவள் பிள்ளையும் சுகம், அங்கே அந்தக் குளிரில் நீயும் கீதாஞ்சலியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், சாப்பிட்டியா கண்ணு என்று நான் உன்னைக் கேட்டால், சாப்ட்டாரு அண்ணி என்று பின்னாலிருந்து உன் மாமியார் பதில் சொல்கிறார்கள். நான் பெற்ற பிள்ளை சாப்பிட்டானா இல்லையா என்று இன்னொருத்தர் சொல்லி எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது. அந்தம்மா இங்கே வந்திருக்கிற இந்த நாளில்கூட இவ்வளவையும் போனில் சொல்ல எனக்கு வராது, கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன், இதைத் தனியாக உட்கார்ந்து படி.

ஆற்றுத் திருவிழா நன்றாக நடந்தது, இந்த முறை பெண்ணையாற்றில் ஓரமாகத் தண்ணீர் ஓடியது, கூட்டம் தாங்கவில்லை. கரும்பு இன்னும் வெட்டவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா தினமும் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன், கேட்டால் வலியே இல்லை என்பார். பாகூர் கடைவீதியில் நீ விட்டுப்போன செல்போன் கடையைக் கமலக்கண்ணன் நடத்துகிறான். போன வாரம் என்னைப் பார்த்து, கலை இப்ப பிரெஞ்சு சும்மா பொளந்து கட்டுவானே ஆன்ட்டி என்றான். நானும் ஆமாம்பா, நல்லா பேசறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னதை நம்பித்தான் சொன்னேன். நீ இருந்தபோது அந்தக் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்தவன் நீ பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்று, வந்த வேலையை மறந்துவிட்டுப் போவான். உன் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் உன் குரல் வீட்டுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவன் இப்போது வீடியோவில் பொம்மை மாதிரித் தலையாட்டுகிறாய், எனக்கு அது பொறுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வில்லியனூரில் அவர்கள் சொந்தத்தில் கல்யாணம் என்று உன் மாமியார் ஜெயசுதா அம்மா வந்திருக்கிறார்கள் அல்லவா, திருவிழா முடிந்த மறுநாள் கார் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. மணப்பட்டிலிருந்து மீன் வாங்கிவரச் சொல்லி, உனக்குப் பிடிக்கிற மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அந்தம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மாப்ள இப்பல்லாம் இவ்ளோ காரம் தொடறதில்ல அண்ணி என்றார்கள். காபி கொடுத்தால், மாப்ள இப்ப சர்க்கரையே போடறதில்ல என்றார்கள். நீ எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாய் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள், நான்தான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்து, வயித்தெரிச்சல மூஞ்சில காட்டாதடி, சம்பந்தி பார்க்கறாங்க என்றார். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இப்போது வீடியோவில் அந்தம்மாவை அம்மா என்கிறாயே, அந்த வார்த்தை காதில் விழுகிற அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தபோது அந்தம்மா உன் பல்வலிக் கதையைச் சொன்னார்கள். உனக்குப் பல்வலி வந்ததே எனக்குத் தெரியாது. கன்னம் வீங்கிப்போயிருந்தது என்றும், கீதாஞ்சலிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி என்பதால் அவர்களே உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனதாகவும் சொன்னார்கள். வலி எப்படி இருக்குன்னு டாக்டரு மாப்ளயத்தான் கேட்டாரு, இவரு திருதிருன்னு முழிச்சாரு, நாந்தான் எல்லாத்தையும் சொன்னேன் அண்ணி என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அவன் வலி எப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, நாந்தான எல்லா எடத்துலயும் பேசறேன், அங்க தங்கறதுக்கு கார்டு குடுக்கற ஆபீஸ், பேங்க், வேலைக்கு எழுதிப் போட்ட எடம், எல்லாம் நாந்தான், அந்த கிளாஸுக்கு பஸ் மாறி மாறி குளிர்ல போவணும், வேணாம் மாப்ள, நான் இருக்கும்போது உங்களுக்கு இன்னா பயம்னு நாந்தான் நிறுத்திட்டேன் என்றார்கள். மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்தே நீ போகவில்லையாமே கண்ணு. என்னிடம் பொய் சொன்னது கூடப் பெரிதில்லை, அந்தப் பொய் அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நான் நேராகவே சொன்னேன். இனிமே அவன்கூட எங்கயும் போவாதீங்க, அவன் வாய் அவனுக்கு வோணும், இப்பிடியே உட்டா அங்க அவன் ஊமையாத்தான் கெடப்பான் என்றேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார், நான் விடவில்லை. அந்தம்மா மெதுவாகப் பேசினார்கள். அவர்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்தவர் இல்லையா, அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் கல்யாணம் முடிந்த கையோடு புருஷனும் பெண்டாட்டியுமாக அங்கே போனவர்கள். போனப்ப எனக்கும் ஒரு வார்த்தை தெரியாது அண்ணி, ஸ்கூல்ல தரை தொடைக்கிற வேலை செஞ்சிகினே கத்துகினேன், புள்ளைங்க பொறந்து அதுங்க வூட்லயே பிரெஞ்சுல பேச ஆரம்பிச்சிடுச்சிங்க, அவரு இருந்த வரைக்கும் நாங்க ரெண்டு பேரு தமிழ் பேசினோம், அவரு போன அப்புறம் என் வூட்ல எனக்குப் பேச்சே இல்ல, கீதா கூட நான் தமிழ்ல கேட்டா பிரெஞ்சுலதான் பதில் சொல்லுவா, மாப்ள வந்த அப்புறந்தான் வூட்ல சத்தம் வந்துச்சு, அவரும் கத்துகினா அதுங்ககூட சேந்துடுவார்னு பயந்துட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் உள்ளே இருந்த எரிச்சல் சும்மா இருக்கவில்லை. அதுக்காக எங்க வூட்டுப் பேச்ச எடுத்துகினு போயி உங்க வூட்ல வெச்சிக்குவீங்களா என்று கேட்டேன். இங்கே சாயங்காலமானால் நானும் உன் அப்பாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும். அவர்கள் எழுந்து காருக்குப் போய்விட்டார்கள். உனக்காகக் கட்டி வைத்திருந்த வஞ்சிரக் கருவாட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை, அப்பாதான் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பின்சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் அவர்களே போன் செய்தார்கள். நீங்க சொன்னது எனக்குப் பொறுக்கல அண்ணி, ஆனா நியாயம்தான், அடுத்த தபா கார்டு ஆபீஸுக்கு மாப்ள தனியாவே போவட்டும், நான் வேணா வாசல்ல நிக்கறேன் என்றார்கள். வாசல்லயும் வேணாம், வூட்லயே இருங்க என்றேன். சரி என்றார்கள். வூட்ல மட்டும் அவரு என்கிட்ட தமிழ்ல பேசட்டும், அதையும் நிறுத்திடாதீங்க என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் இறங்கிக் கேட்டபிறகு நான் என்ன சொல்வேன், பேசட்டும் என்றேன். போனை வைத்தபிறகு, இதையெல்லாம் உன் நல்லதுக்குச் சொன்னேனா என் எரிச்சலில் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன், பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை தம்பி. ஒன்று மட்டும் தெரிகிறது, நீ அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டால் அந்தம்மாவிடமிருந்து மட்டுமா தள்ளிப்போவாய், எனக்கு ஒரு எழுத்தும் விளங்காத பேச்சில் சிநேகிதம் பிடிப்பாய், சிரிப்பாய், சண்டை போடுவாய், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் அதிலேயே கொஞ்சுவாய். அது தெரிந்துதான் போ என்கிறேன். என் பிள்ளை வாய் மூடிக் கிடப்பதைவிட எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருக்கட்டும்.

ஆகவே நாளைக்கே வகுப்பில் போய்ப் பேர் கொடு. தப்புத் தப்பாகப் பேசு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீ சிரிக்க வைக்கிறவன்தானே. கீதாஞ்சலியிடம் தினமும் கொஞ்ச நேரம் அந்தப் பாஷையில் பேசச் சொல்லிக் கேள், அவளையும் அவள் அம்மாவிடம் தமிழில் பேசச் சொல்லு, நான் சொன்னதாகவே சொல்லு. கல்யாணம் முடிந்து அங்கே திரும்பி வந்ததும் அந்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் நீ எதுவும் கேட்டுக்கொள்ளாதே, மரியாதையாக நடந்துகொள், நன்றாகப் பேசு. ஆனால் அத்தை என்றே கூப்பிடு. அந்த ஒன்றை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எல்லா நலமும் பெற்று இரண்டு பேரும் மனசு ஒத்து இருக்கவேண்டும் என்று பாகூர் மூலநாதரை வேண்டிக்கொள்கிறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கார்டு ஆபீஸில் நீ தனியாகப் பேசி வேலையை முடிக்கிற அன்றைக்கு, வெளியே வந்து தெருவிலேயே நின்று எனக்குப் போன் பண்ணு, உள்ளே என்ன சொன்னாயோ அதை அப்படியே அந்தப் பாஷையிலேயே சொல்லு, நான் ம் போடுகிறேன். முதல் போன் எனக்குத்தான் வரவேண்டும், கீதாஞ்சலிக்குக் கூட அப்புறம்தான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
ப. அமிர்தம்