இடக்கைக்குக் கேட்ட உறை

நவம்பர் 14, வெள்ளி.

சிவத்தின் பிஸ்ரல் துப்பாக்கியைப் பொலிஸ் இன்று கொண்டுபோய்விட்டது. அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது. இந்த நாட்டின் இப்போதைய சட்டத்தில் செத்தவனின் பிஸ்ரல் கூட்டாளியின் பேருக்கு மாறாது. என்னிடம் லைசென்ஸ் இருந்தும் பலனில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது அவன் மனைவி ராணி.

அவர்கள் போன பிறகு, அவனுக்காக நான் தைத்து முடித்த தோலுறையை ராணியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வலக்கைக்கெல்லோ அண்ணை? அவர் இடக்கைக்குத்தானே கேட்டவர்?”

“ஓம், எழுதித் தந்தவன். இத்தினை வருசமா ரேஞ்சில வலக்கையாலதானே சுட்டவன். மாறி எழுதிப்போட்டான் எண்டு நினைச்சன்.”

“வலக்கை நடுங்கத் தொடங்கி ஆறு மாசம். உங்களிட்டச் சொல்ல அவருக்கு வெக்கம்.”

ஆவணியில் அவனுடைய பேஸ்மென்டில் வைத்துத்தான், வலக்கைக்கு வெட்டிய ஈரத்தோலை அந்தப் பிஸ்ரலின்மேல் அழுத்தி அச்செடுத்தேன். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணிக் கோப்பை இடக்கையில் இருந்தது. “வடிவா வந்திருக்கு மச்சான்” என்று மட்டும் சொன்னான். மடையன், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இடக்கைக்கு ஒரு உறை வெட்டினேன். தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அச்செடுக்கப் பிஸ்ரல் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தோல் இன்னும் வாளிக்குள்தான் கிடக்கிறது.