மாடம்பாக்கத்து வீடு வேண்டாம்னு விட்டோம்

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
சனிக்கிழமை

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா எழுதறது. கர்த்தர் தயவால நானும் அம்மாவும் இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் மழை ஆரம்பிச்சதுல இருந்து கூடிப்போச்சு. நீயும் மாப்பிள்ளை ஷெர்வினும் குழந்தை கெசியாவும் அந்தக் குளிர்ல உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபத்துல கேட்டுக்கிட்டு இருக்கோம். தினம் போன்ல பேசற மனுஷன் இப்ப எதுக்குக் கடிதம் எழுதறார்னு உனக்குத் தோணும். போன்ல நான் பாதி சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுது, இல்லேன்னா நீ அழ ஆரம்பிச்சுடறே, நான் சொல்ல வந்ததை முழுங்கிடறேன். உன்கூட வேலை பாக்கற சுஜி லீவு முடிஞ்சு டப்ளினுக்குத் திரும்பறா, அவ கையில கொடுத்தனுப்பறேன். டியூட்டி இல்லாத நாளா பார்த்துப் பொறுமையா படி.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். நீ வீடியோவுல பார்த்துப் பிடிச்சிருக்குன்னு சொன்ன, உன் பேர்ல வாங்க இருந்த மாடம்பாக்கத்து வீட்டை வேண்டாம்னு விட்டுட்டோம். அக்ரிமெண்ட் போடலை. கோபப்படாம மேல படிம்மா. உனக்குத்தான் தெரியுமே, இந்த வாடகை வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்டப் போறாங்க, காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மா முட்டிக்குக் கீழ்வீடுதான் சரின்னு கேளம்பாக்கம் பக்கம் பார்த்தோம், மறைமலை நகர் வரைக்கும் போய்ப் பார்த்தோம். ஒண்ணுல வெளிச்சம் இல்லை, இன்னொண்ணுல பஸ் வசதி இல்லை. அலைஞ்சு அலைஞ்சு எனக்கே வீடுங்கற வார்த்தையைக் கேட்டாலே சலிப்பா ஆயிடுச்சு. கடைசியிலதான் மாடம்பாக்கம் கோயிலைத் தாண்டி உள்ளே அருள்மேரிங்கற அம்மாவோட கீழ்வீடு அமைஞ்சுது, மாடியில வேற குடும்பம். அவங்க வீட்டுக்காரர் தவறிட்டார், தனியா இருக்காங்க, வித்துட்டு கோயம்புத்தூர்ல மகள்கிட்டப் போயிடலாம்னு இருந்தாங்க. சமையலறை ஜன்னல்ல நின்னு வேப்பமரத்தைப் பார்த்துட்டு அம்மா இதுவே போதும்னுட்டா. சுவரெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துது, நான்கூட நல்லா பராமரிச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

அக்ரிமெண்ட் போடறதுக்கு நாள் பார்த்தாச்சு. அதுக்கு முன்னாடி மழை பிடிச்சுக்கிச்சு. விடாம ஊத்தின ரெண்டாம் நாள் மதியம் அந்த அம்மாவே போன் பண்ணி, சார், நீங்களும் அக்காவும் இப்பவே வந்துட்டுப் போங்க, மழை விடறதுக்குள்ள வாங்கன்னாங்க. வேற யாரோ கூடுதலா கேட்கறாங்க போலிருக்குன்னு நான் எரிச்சல்பட்டேன். அம்மாவை வர வேண்டாம்னு சொன்னா கேட்கலை. ஆட்டோக்காரர் தெரு முனையிலேயே நிறுத்திட்டு, இதுக்கு மேல வண்டி போவாது சார், இன்ஜின்ல தண்ணி பூந்துரும்னுட்டார். அம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்து வந்தா. சாக்கடையும் மழையும் கலந்த தண்ணி, கால் வைக்கிற இடம் தெரியலை.

கதவைத் திறந்த அருள்மேரி உள்ளே பார்க்கட்டும்னு ஒதுங்கி நின்னாங்க. கட்டில் காலுக்கெல்லாம் செங்கல் வச்சிருந்தாங்க, ஃபிரிட்ஜ் மேஜை மேல நின்னுது, நாம பார்த்த அந்தக் கூடத்துல தண்ணி முழங்காலளவு நின்னுது, சுவர்ல ஈரம் பாதி வரைக்கும் ஏறியிருந்துது. அந்தப் புதுப் பெயிண்ட் எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவங்க என்னைப் பார்க்காம அம்மாவையே பார்த்துப் பேசினாங்க. பெரிய மழை வந்தா இப்படித்தான் அக்கா. மழை விட்டதும் கையெழுத்து வாங்கிடலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னு புரோக்கர் சொன்னார், நானும் சரின்னேன். ஆனா இன்னிக்கி ஒத்தையா இந்தக் கட்டிலைத் தூக்கறப்ப, அன்னைக்கு வாசப்படியில நீங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினது ஞாபகம் வந்துருச்சு, மனசு கேக்கலை, பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்கன்னாங்க. வாயால சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனோ என்னவோ. அம்மா ஒரு வார்த்தை கோபமா பேசலை. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, மேரி, அரிசி மூட்டையை முதல்ல மேல ஏத்துவோம்னா. மூணு பேருமா முடிஞ்சதை மாடி வீட்டுக்கு ஏத்தினோம். எங்க வீட்டுக்கு வந்துருங்கன்னு அம்மா எவ்வளவோ கூப்பிட்டா, வீட்டைப் பூட்டிட்டு வர மனசில்லைன்னு மாடி வீட்டுக்காரங்களோடயே தங்கிட்டாங்க.

மறுநாள் புரோக்கர் போன்ல கத்தினார், தண்ணி வராத இடம்னு சென்னையில எது சார் இருக்கு, ஒரு கிராக்கியைக் கெடுத்துட்டாங்களே அந்த அம்மான்னு. இப்ப அவங்க கூப்பிட்டா அவர் போனை எடுக்கறதே இல்லையாம். தண்ணி வடிஞ்சு, அவங்க அதே வீட்டைக் கழுவிவிட்டுக்கிட்டு அதே வீட்டுலதான் இருக்காங்க. நமக்கு நல்லது பண்ணினவங்க மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, அதை நினைச்சாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கலை.

ஆனா நான் எழுத உட்கார்ந்தது இதுக்காக மட்டும் இல்லை. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப நனைஞ்சுபோய் ஆட்டோவுல உட்கார்ந்திருந்தோம், அம்மா திடீர்னு கேட்டா, இத்தனை நாளா நாம தேடினது நமக்கா ஜெரூஷாவுக்கான்னு. நமக்குத்தான்னேன். அப்ப எதுக்கு மூணு ரூம் கேட்டோம்னா. போன வீட்டிலெல்லாம் அம்மா ஒரு ரூமைக் காட்டி, இது ஜெரூஷாவுக்கு, இந்த மூலையில குழந்தைக்குத் தொட்டில்னு சொல்லுவா, நானும் தலையாட்டுவேன். கெசியா ஸ்கூல் பை மாட்டிக்கிட்டுப் போற பொண்ணு, அவளுக்கு எதுக்குங்க தொட்டில்னு சொல்லிட்டு அம்மா வெளியே பார்த்துக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினதும், அவளை அங்கேயே வீடு வாங்கச் சொல்லிடுங்க, அவ இனிமே இங்க வந்து இருக்கப் போறதில்லைன்னா. எனக்கும் அது ரொம்ப நாளாத் தெரியும், சொல்லத்தான் தைரியம் இல்லை.

நீங்களும் அங்க வாடகைக்கு வீடு மாறி மாறித்தானே இருக்கீங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதால கெசியா ஸ்கூலே மாத்த வேண்டியதாப் போச்சுன்னு மாப்பிள்ளை ஒரு தரம் வாய் தவறிச் சொன்னார். எங்களுக்காகத்தான் நீ அங்க வாங்காம இருக்கேன்னு அவர் சொல்லலை, நாங்களே புரிஞ்சுக்கிட்டோம். வேண்டாம்மா. உன் பேர்ல வாங்கற முதல் வீட்டுல நீ குடியிருக்கணும், உன் பிள்ளை அதுல வளரணும். நாங்க கேம்ப் ரோடு பக்கம் ரெண்டாவது மாடியில ஒரு வாடகை வீடு பார்த்துட்டோம், அட்வான்ஸும் கொடுத்தாச்சு. லிப்ட் இருக்கு. எதிர்வீட்டுலயே ஓனர், ஸ்ரீநிவாசராகவன்னு ரிட்டயர்டு வாத்தியார், மீன் வறுக்கறப்ப ஜன்னலைச் சாத்திக்கோங்கோ, அது போதும்னார், அம்மா சிரிச்சுட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா.

எங்க கடைசி காலத்தைப் பத்தி இப்பவே யோசிச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதே. நாங்க சோர்ந்து போயிருக்கோம், அவ்வளவுதான், ஒடிஞ்சு போயிடலை. நீயும் நைட் ஷிப்ட் முடிஞ்சு சாப்பிடாம படுத்துடாதே. மாப்பிள்ளைகிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு. அருள்மேரிக்காகவும் ஜெபம் பண்ணு. தேவன் உங்க மூணு பேரையும் போக்கிலும் வரத்திலும் காத்து, நீங்க கால் வைக்கிற வீட்டை ஆசீர்வதிக்கட்டும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. இதைப் படிச்சதும் உடனே போன் பண்ணாதே, மனசு ஆறினதும் பண்ணு. அம்மாகிட்டப் பேசறப்ப மட்டும் அழுதுடாதே. அவ திடமா இருக்கற மாதிரி காட்டிக்கிட்டு இருக்கா, உன் குரல் உடைஞ்சா அவளால தாங்க முடியாது.

என்றும் உன் நன்மையையே நினைக்கும் அப்பா,
சத்தியநாதன்